திரை அணைந்தும் விசிறி ஓடினால்

லேப்டாப்பில் ஷட் டவுன் கொடுத்தால் திரை மட்டும் கறுத்துவிடுகிறது, விசிறியும் பவர் விளக்கும் அணைவதில்லை என்கிறீர்கள். விண்டோஸ் 10 என்பதால் எனக்கு முதல் சந்தேகம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (அடுத்த முறை வேகமாகத் தொடங்க உதவும் வசதி) மேல்தான். அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைக்கும். ஏதாவது ஒரு டிரைவர் (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்) ஒத்துழைக்காவிட்டால் பாதியிலேயே நின்றுவிடும்.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஒருமுறை ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள். ஒழுங்காக அணைந்தால் குற்றவாளி அதுவேதான். கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், இடப்பக்கம் பவர் பட்டன்களுக்கான இணைப்பைத் திறங்கள். அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கான டிக் பெட்டி மங்கலாகத்தான் இருக்கும் (நானும் இங்கே முழித்தவன்தான்). மேலே உள்ள நீல வரியைச் சொடுக்கினால் உயிர் வரும். டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள்.

அப்படியும் சரியாகவில்லையா? லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து சிப்செட் (மதர்போர்டில் உள்ள முக்கிய சிப்கள்) டிரைவரைப் புதிதாகப் போடுங்கள். அதுவரை பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.