கவுன்ட்டி இறுதி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்துக்காரர்கள் மட்டையும் சின்னப் பந்துமாக ஆடும் ஹர்லிங் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். “அகில அயர்லாந்து இறுதியைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, கில்கென்னியின் கவுன்ட்டி இறுதியைப் பார்த்துவிடுங்கள்” என்று எழுதியிருந்தீர்கள். யூடியூபில் தேடி அரை மணி நேரம் பார்த்தேன். ஸ்கோரே புரியவில்லை. அது போகட்டும். டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் எண்பதாயிரம் பேர் முன்னால் நடக்கும் அகில அயர்லாந்து இறுதியைவிட ஊர்க் கிளப்புகள் மோதுவது எப்படிப் பெரிதாகும்? சம்பளம்கூடக் கிடையாதாமே. அங்கே இருந்துவிட்டு வந்த பாசத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறீர்களோ?

ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. கூட்டிச் சொல்லவில்லை.

ஸ்கோரை முதலில் முடித்துவிடுவோம். பந்து குறுக்குக் கட்டைக்குக் கீழே வலையில் விழுந்தால் கோல், அதற்கு மூன்று பாயின்ட். கட்டைக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் ஒரு பாயின்ட். 2-17 என்றால் இரண்டு கோல், பதினேழு பாயின்ட்; மொத்தம் 23. கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பச்சைக் கொடி ஆட்டினால் கோல், வெள்ளைக் கொடி என்றால் பாயின்ட். பெரும்பாலும் நடுவர் தன்னோடு காரில் கூட்டிவந்த சிநேகிதர்களாகவோ சொந்தக்காரர்களாகவோ இருப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கவுன்ட்டி என்றதும் நமக்குக் கிரிக்கெட் ஞாபகம் வரும், அதை மறந்துவிடுங்கள். அங்கே அது நம் மாவட்டம் மாதிரி; கில்கென்னியும் அப்படி ஒன்று. கில்கென்னி அணி கறுப்பும் மஞ்சளும் போட்டுக்கொண்டு மற்ற கவுன்ட்டிகளோடு மோதுகிறதே, அது ஒரு பருவம். ஜூலையில் அகில அயர்லாந்து இறுதியோடு அது முடிந்துவிடும். அப்புறம் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவரும் அவரவர் ஊர்க் கிளப்புக்குத் திரும்புகிறார்கள். ஒரே கவுன்ட்டியின் கிளப்புகள் தங்களுக்குள் மோதும் போட்டியின் கடைசி ஆட்டம்தான் கவுன்ட்டி இறுதி. டி. ஜே. ரீட் என்ற பெரிய ஆட்டக்காரர் பாலிஹேல் ஷாம்ராக்ஸ் என்ற தன் ஊர்க் கிளப்புக்குப் போய்விடுவார். ஜூலை வரை அவருக்குப் பந்து தட்டிக் கொடுத்தவன் இலையுதிர்காலத்தில் எதிரணிக்காரன். அவருடைய இடது கை எப்போது தடுமாறும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கிளப்பை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளவும் முடியாது. எந்தத் தேவாலயப் பங்கின் எல்லைக்குள் வளர்ந்தாயோ அந்தப் பங்கின் கிளப்தான் உன் கிளப். அப்பா ஆடியதும் அதற்குத்தான். பாலிஹேல் 1981-ல் அகில அயர்லாந்து கிளப் கோப்பையை வென்றபோது அணியில் ஃபென்னெலி சகோதரர்கள் ஏழு பேர். பதினைந்து பேர் ஆடும் அணியில் ஏறக்குறையப் பாதி ஒரே வீட்டுப் பிள்ளைகள்! சம்பளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். யாருக்குமே கிடையாது, எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடும்போதும் கிடையாது. திங்கட்கிழமை எல்லாரும் வேலைக்குப் போக வேண்டும். தோற்கடித்தவன் பக்கத்து ஊர்க்காரன். கடையிலும் பள்ளி வாசலிலும் அவன் முகத்தில்தான் முழிக்க வேண்டும். க்ரோக் பார்க்கில் இந்த அவஸ்தை இல்லை.

கீழே விழுகிற பயம் வேறு. கில்கென்னியின் மேல்தட்டில் பன்னிரண்டு கிளப்புகள். லீக் ஆட்டங்களுக்குப் பிறகு வரும் நாக்-அவுட்டின் முதல் சுற்றில் தோற்கும் நான்கும் தங்களுக்குள் மோதி, அதிலும் கடைசியாகத் தோற்பது அடுத்த தட்டுக்கு இறங்கிவிடும். கோப்பை ஆட்டத்தைவிட இந்த ஆட்டங்களில்தான் மனிதர்கள் அதிகம் கத்துவார்கள்.

தாமஸ்டவுனைச் சொல்லாமல் விடக் கூடாது. நோர் ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர். 1946-க்குப் பிறகு மேல்தட்டுக் கோப்பை அந்த ஊருக்கு வரவே இல்லை. 2023-ல் இரண்டாம் தட்டில் ஜெயித்து மேலே ஏறினார்கள். 2024 அக்டோபரில் கோப்பையையே கொண்டுபோய்விட்டார்கள். எழுபத்தெட்டு வருடம்! முந்தைய வெற்றியைக் கண்ணால் பார்த்து நினைவு வைத்திருப்பவர் என்றால் எண்பதைத் தாண்டியிருக்க வேண்டும்.

கில்கென்னியின் நோலன் பார்க் மைதானத்தில் ஒருமுறை கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு மட்டைகள் மோதுகிற சத்தம் டிவியில் கேட்பது போல் இருக்காது, விறகு பிளக்கிற சத்தம். ஒன்று நடுவில் விரிந்துபோனது. அதை வைத்திருந்த ஆட்டக்காரன் அப்படியே வீசிவிட்டு வெறுங்கையோடு ஓட, வெளியிலிருந்து ஒரு பையன் புது மட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். இந்த வேலைக்கென்றே ஆள் உண்டு. என் காலடியில் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். ஆஷ் மரத்தின் அடிப்பகுதி, வேரை நோக்கி வளைகிற இடத்தில் அறுத்தது. மரத்தின் ரேகையும் மட்டையோடு சேர்ந்தே வளைந்திருந்தது. அந்த மரங்களுக்கு இப்போது பூஞ்சை நோய் வந்து காடு காடாகப் பட்டுப்போகின்றன. மூங்கிலில்கூட மட்டை செய்கிறார்கள். அதைத் தனியாக எழுத வேண்டும்.

யூடியூபில் பார்ப்பதென்றால் 2022 பிப்ரவரியில் நடந்த கிளப் இறுதியைத் தேடுங்கள். கவுன்ட்டிக் கோப்பையை வென்ற கிளப்புகள் மேலே போய்ச் சந்திக்கும் ஆட்டம் அது. கில்கென்னியின் பாலிஹேலும் வாட்டர்ஃபோர்டின் பாலிகன்னரும். நேரம் முடிந்து கூடுதல் நிமிடங்கள் ஓடுகின்றன, பாலிஹேல் இரண்டு பாயின்ட் முன்னால். பாலிகன்னருக்கு மாற்று ஆட்டக்காரராக வந்த ஹாரி ரடில் தாழ்வாக ஒன்று அடித்தார். 2-17, 1-19. கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்புறம் அந்தப் பச்சைக் கொடியைக் கவனியுங்கள்.