எல்லா வயதினருக்கும் ஏற்ற, பல வகைகளைச் சேர்ந்த புதிய புத்தகங்களைப் பரிந்துரைக்க முடியுமா?

எட்டு வயது மகன், பதினைந்து வயது மகள், நீங்கள், எழுபதைக் கடந்த உங்கள் தாயார் என நால்வருக்கும், தன்முன்னேற்றம் உட்பட வெவ்வேறு வகைகளில் அண்மையில் வெளிவந்த நூல்களைச் சொல்லுமாறு கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது, வயதுவாரியாகக் கட்டம் போட்டுப் பிரித்த ஒரு பட்டியல்தான். அந்தக் கட்டங்களால் எங்கள் வீட்டில் ஒருவர் மனம் நொந்துபோனார் என்பதால், பிறர் எழுதுவதைப் படித்துவிட்டுக் கடந்துபோவதே வழக்கமான நான் இம்முறை பதில் எழுத உட்கார்ந்தேன். நூல்களின் பெயர்களையும் சொல்லத்தான் போகிறேன், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாயார் வாழ்நாள் முழுவதும் நாவல் படித்தவர். விழித்திரையில் கோளாறு வந்த பிறகு, வழக்கமான அச்சு அவருக்கு எறும்பு வரிசை போலத் தெரியத் தொடங்கியது. கண்ணாடியை மாற்றினோம், உருப்பெருக்கி வாங்கிக் கொடுத்தோம். பத்துப் பக்கத்துக்கு மேல் நகரவில்லை. நாளடைவில் படிப்பதையே விட்டுவிட்டார். அப்போதுதான் என் அக்காள் மகளுக்காக வாங்கி வைத்திருந்த சிறார் நாவல் ஒன்று அவர் கையில் அகப்பட்டது. எழுத்து பெரியது, வரிகளுக்கிடையே இடைவெளி தாராளம், புத்தகமும் கை வலிக்காத எடை. புரட்டிப் பார்க்கத்தான் எடுத்தார், விளக்கேற்றும் நேரத்துக்குள் முடித்துவிட்டு, “இதே ஆசிரியர் வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா?” என்று கேட்டார். அதன் பிறகு பேத்தியின் அலமாரிதான் அவருடைய நூலகம் ஆயிற்று.

சில வாரங்கள் கழித்து வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், புத்தகத்தின் பின்னட்டையில் “8 முதல் 12 வயதினருக்கு” என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்துவிட்டார். “என்ன அண்ணி, பேத்தி புத்தகத்தைப் பிடுங்கிப் படிக்கிறீங்களா?” என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவர் மனத்தில் வன்மம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாசலில் ஆள் அரவம் கேட்டால் என் தாயார் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறார். ஒரு தாய், தம் வீட்டில், ஒரு நல்ல கதையை ஒளித்துவைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தப் பின்னட்டை வரி யாருக்கு என்ன உதவி செய்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

வயதுக் குறிப்பே கூடாது என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புத்தகக் கடையில் நின்று குழம்பும் பெற்றோருக்கு அது ஒரு தொடக்கக் குறி. வன்முறையும் உடல்சார்ந்த கொடுமையும் உள்ள நூல்களை எச்சரிக்கையுடன் கொடுக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2024இல் தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவுடன், எனக்குத் தெரிந்த ஒருவர் அவருடைய ‘தி வெஜிடேரியன்’ நாவலை எட்டாம் வகுப்பு மாணவிக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க ஆயத்தமானார். பெயரைப் பார்த்து, உணவுப் பழக்கம் பற்றிய ஏதோ நல்லுரை என்று நினைத்துவிட்டார் போலும். இறைச்சி உண்ண மறுக்கும் ஒரு பெண்ணின் மீது குடும்பமே செலுத்தும் வன்முறையைச் சொல்லும் நாவல் அது. கொரிய மொழியில் 2007இலேயே வெளிவந்ததால், புதிய நூலும் அன்று. பெரியவர்கள் அவசியம் படிக்க வேண்டிய அந்த நூலை, ஒரு பத்தியைக்கூடப் புரட்டாமல் குழந்தைக்கு வாங்குகிறவரைத்தான் நான் குறை சொல்வேன்.

தம் வயதுக்கு மேற்பட்ட நூல்களைத் தேடிப் போகும் பிள்ளைகளுக்கும் இதே தடுப்பு இருக்கிறது. என் அக்காள் மகளுக்குப் பதினான்கு வயதானபோது, வ.உ.சி.யைப் பற்றிப் பாடநூலில் வந்த சிறு பகுதி அவளுக்குப் போதவில்லை. என் மேசையில் ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ இருந்தது. 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற வரலாற்று நூல் அது. “இது உனக்குக் கனமாக இருக்கும், பிறகு படிக்கலாம்” என்று அவளுடைய தந்தை சொன்னார். அவளோ அடிக்குறிப்புகளையெல்லாம் தாண்டிக் குதித்து, வ.உ.சி. கைதானதும் மக்கள் கொதித்தெழுந்த பகுதிகளை மட்டும் படித்தாள். தலைவர்களின் பெயர் தெரியும், அன்று தெருவில் இறங்கியவர்களின் பெயர் ஏன் பாடத்தில் இல்லை என்று அவள் கேட்ட கேள்விக்கு வீட்டில் எவரிடமும் பதில் இல்லை. நூலை அவள் முழுமையாகப் படித்து முடிக்கவில்லை, இன்றுவரை முடிக்கவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992இல் வெளியிட்ட ஒரு நூலில் வாசகருக்கு உரிய பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். பக்கங்களைத் தாண்டிச் செல்வதும் பாதியில் நிறுத்திவிடுவதும் அவற்றில் அடங்கும். ஆகவே அவள் தன் உரிமையைப் பயன்படுத்தினாள் என்றே நான் வாதாடினேன்.

கணித ஆசிரியராக இருந்து நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது. அந்த விதிகளில் வயது வரவில்லை. உங்கள் கேள்வியிலோ படிப்பவர்களைப் பற்றி வயது மட்டுமே இருக்கிறது என்பதுதான் எனக்குள்ள இடர்ப்பாடு. உங்கள் மகன் கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் போட்டான், ஏன் போட்டான் என்பது தெரிந்திருந்தால், அவன் வயது தெரிவதைவிட அது எனக்குப் பயன்பட்டிருக்கும். விரும்பிய நூலைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் நாகரிகமாக ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். கைவிட்ட நூலைக் கேட்டால்தான் உண்மை வரும். “ரொம்ப நேரம் காட்டைப் பற்றியே சொல்றாங்க” என்று ஒரு குழந்தை சொன்னால், அதற்கு உரையாடல் மிகுந்த கதை வேண்டும் என்று பொருள். “எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க” என்று சொன்னால், அந்தக் குழந்தை நீங்கள் நினைப்பதைவிட முன்னே போய்விட்டது.

இனிப் பெயர்கள். மகனுக்கு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’யைச் சொல்வேன். கீழடியைக் களமாகக் கொண்ட இந்த நாவல் 2023இல் சாகித்திய அகாதெமி சிறார் இலக்கியத்துக்கு வழங்கும் பால புரஸ்கார் விருதைப் பெற்றது. எட்டு வயதில் தனியாகப் படிக்கக் கடினமாக இருந்தால் இரவில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். 2025இல் அதே விருதைப் பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வையும் சேர்த்துக்கொள்ளலாம். விருது பெற்றவை மட்டுமே நல்லவை என்று கருதி இவற்றைச் சொல்லவில்லை. அச்சில் கிடைப்பதற்கும், நீங்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்கும் விருது உதவுகிறது, அவ்வளவே. விருது பெறாத எத்தனையோ நல்ல சிறார் நூல்கள் உண்டு. விருது இருந்தும் இல்லாமலும், அத்தியாயத்துக்கு ஓர் அறிவுரை வைத்து, இறுதியில் ஒரு பெரியவர் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் நூல்களும் உண்டு. அப்படி ஒன்றைப் பாதியில் மூடிவைத்த என் தாயார், “குழந்தைகளை இவ்வளவு மட்டமாகவா நினைப்பது?” என்றார்.

மகளுக்கு அறிவியலில் நாட்டம் இருந்து, ஆங்கிலம் தடையில்லை என்றால், சமந்தா ஹார்வியின் ‘ஆர்பிட்டல்’ நாவலைக் கொடுத்துப் பாருங்கள். 2023இல் வெளிவந்து, 2024இல் புக்கர் பரிசைப் பெற்றது. விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஆறு பேரின் ஒரே ஒரு நாள்தான் கதை. அந்த ஒரு நாளில் அவர்கள் புவியை 16 முறை சுற்றிவிடுகிறார்கள். அளவில் சிறியது, ஆனால் விறுவிறுப்பை எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாற்றமே மிஞ்சும். மெதுவாக நகரும் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளும் பெண்ணா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தமிழ்ச் சிறுகதை வேண்டுமென்றால் சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்கு வழங்கும் யுவ புரஸ்கார் விருதை 2024இல் பெற்ற லோகேஷ் ரகுராமனின் ‘விஷ்ணு வந்தார்’ தொகுப்பை முதலில் நீங்கள் படித்துவிட்டு, எந்தக் கதையிலிருந்து தொடங்கலாம் என்று அவளிடம் சொல்லுங்கள். தொகுப்பு என்றால் முதல் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

உங்களுக்கு நான் மேலே சொன்ன வரலாற்று நூலும், தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலும். 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற அந்த நாவல், ஒரு மரணத்தைச் சுற்றிக் கூடும் உறவுகளின் கதை. இருவர் படித்துவிட்டு ஓர் இரவு முழுக்கப் பேச அதில் இடமிருக்கிறது. மொழிபெயர்ப்பில் பானு முஷ்தாக்கின் ‘ஹார்ட் லாம்ப்’. கன்னடத்தில் எழுதிய கதைகளிலிருந்து தேர்ந்தெடுத்த பன்னிரண்டை தீபா பஸ்தி ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. அப்பரிசை வென்ற முதல் சிறுகதைத் தொகுப்பும் இதுவே.

இங்கே என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பரிசுத் தொகையை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். நம் கைக்கு வரும் மொழிபெயர்ப்பு நூல்கள் பலவற்றிலோ, மொழிபெயர்ப்பாளரின் பெயர் உள்பக்கத்தில், பதிப்பு விவரங்களுக்கு நடுவே, தேடினால்தான் கிடைக்கிறது. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் பெயர் தெரிந்தால் அவர் தொட்ட மற்ற நூல்களையும் நம்பி எடுக்கலாம். பரிந்துரைக்கு இதைவிட எளிய வழி இல்லை. அதே உள்பக்கத்தில் முதற்பதிப்பு வெளிவந்த ஆண்டையும் பாருங்கள். அட்டையை மட்டும் மாற்றி அடுக்கிவைத்த பழைய நூலைப் புதியது என்று வாங்கிவந்து ஏமாறுகிறவர்கள் நிறைய. பழையதைப் படிப்பதில் தவறில்லை. நீங்கள் கேட்டது புதியது என்பதால் சொல்கிறேன்.

உங்கள் தாயாருக்கு எந்தப் பெயரையும் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். வாங்குவதற்கு முன் ஒரு பக்கத்தைத் திறந்து அவரிடம் நீட்டி, நெருடாமல் படிக்க முடிகிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளக் கூடிய மின்னூலோ, ஒலிநூலோ பொருந்தும். பெரிய எழுத்து வேண்டும், கையிலும் பிடிக்க வேண்டும் என்றால் மகனுக்கு வாங்கும் இரண்டு நூல்களையும் அவர் எட்டும் இடத்தில் வையுங்கள். யாருக்காக வாங்கினோம் என்பதைச் சொல்ல வேண்டாம். பின்னட்டையில் வயது போட்டிருந்தால் அதன்மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிடுங்கள்.

தன்முன்னேற்ற நூல்களையும் கேட்டிருந்தீர்கள். அந்த வகையை நான் விரும்பிப் படிப்பதில்லை. படிக்காத நூலைப் பரிந்துரைக்கும் வழக்கமும் எனக்கு இல்லை. அதற்கு வேறு யாராவது பதில் எழுதினால் அதைப் பாருங்கள்.