படுத்ததும் உள்ளங்கால் சுடுவது ஏன்?

கேள்வி: மாடி வீட்டில் இருக்கிறோம். சித்திரை மாதம் ராத்திரி படுத்தால் உள்ளங்கால் தகிக்கிறது, பன்னிரண்டு மணி வரை புரள்கிறேன். விடியக்காலை நாலு மணிக்கோ அதே ஃபேன் காற்றில் குளிரெடுக்கிறது. ஏதும் கோளாறா? படுக்குமுன் பச்சைத்தண்ணீரில் குளிக்கலாமா?
(வாசகி, திருமங்கலம்)

பதில்: படுத்த பிறகு மட்டும் சுட்டால் பெரும்பாலும் கோளாறு இல்லை. நாம் தூங்க உடம்பின் உள்சூடு இறங்கியாக வேண்டும். சாயங்காலம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பது, விடியக்காலை 4, 5 மணி வாக்கில் சுமார் 1 டிகிரி குறைந்துவிடும். அந்தச் சூடு வெளியேறும் முக்கிய வழி உள்ளங்கையும் உள்ளங்காலும்தான். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் உத்தரவிட, அங்கே ரத்தக்குழாய்கள் விரிந்து சூடான ரத்தம் தோலுக்கு வருகிறது.

உங்கள் வீட்டில் அந்தச் சூடு போக இடமில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நடுராத்திரி வரை அனலைக் கீழே விடுகிறது. அறைக் காற்றும் தோலளவுக்குச் (சுமார் 35 டிகிரி) சுட்டால், வியர்வை காய்வது ஒன்றே வழி. புழுக்கத்தில் அதுவும் காயாது; துடைத்தெடுத்த வியர்வை உடம்பைக் குளிர்விப்பதும் இல்லை.

விடியும் நேரம் தளம் ஆறிவிடுகிறது, உள்சூடும் அடிமட்டத்தில். போதாததற்கு, பின்னிரவில் அதிகம் வரும் கனவுத் தூக்கத்தில் வியர்ப்பதும் நடுங்குவதும் மட்டுப்படும். அதனால்தான் குளிர். ஒரு பழைய வேட்டியைக் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிப்பதானால் படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம். கோடையில் மேல்தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டில் வரும், ஹீட்டர் வேண்டாம். ஐஸ் தண்ணீர் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சூட்டை உள்ளேயே நிறுத்தும். பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஃபோம் மெத்தை முதுகுச் சூட்டைப் பிடித்து வைக்கும். கோரைப்பாயில் பருத்தி விரிப்பு போதும். படுக்கும்போது பாதங்களை மூட வேண்டாம்.

பகலிலும் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்தல் இருந்தால் சர்க்கரையும் பி12-ம் பரிசோதித்துப் பாருங்கள். காய்ச்சல், எடைக் குறைவோடு ராத்திரி உடை நனைய வியர்த்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: கைக்குழந்தை தூங்கும் அறையில் ஏசி எத்தனையில் வைப்பது?
(வாசகர், மேலூர்)

பதில்: 25, 26-ல் வைத்து, காற்று நேராக மேலே படாமல் திருப்பிவிடுங்கள். குழந்தையின் கை, கால் சில்லென்றிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள்: வியர்த்திருந்தால் துணி அதிகம், சில்லென்றிருந்தால் குறைவு. தலையில் குல்லா வேண்டாம்.