வாசகர் வினா விடை: வளவு மரத்திலிருந்து பொன்சாய்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் பழைய வீட்டை இடித்து மாடிக் குடியிருப்புக் கட்டக் கொடுத்துவிட்டோம். படலையடியில் என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு முன் நட்ட காகிதப்பூ மரம் நிற்கிறது. அடிமரம் தொடையளவு பருத்துவிட்டது. வீட்டைக் கையளிக்க இன்னும் மூன்று மாதங்கள் உள்ளன. அதைத் தோண்டியெடுத்துப் பொன்சாயாக, அதாவது சாடியில் அடங்கும் குறுமரமாக, வளர்க்க முடியுமா? நாங்கள் குடிபோவது கடலைப் பார்த்த ஐந்தாம் மாடிக்கு. (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: முடியும். வளவில் நிற்கும் செடிகளுள் இப்படி எடுப்பதற்கு மிகவும் இசைந்து கொடுப்பவற்றில் காகிதப்பூவும் ஒன்று. முதிர்ந்த அடிமரத்தை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டாலும் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளிலிருந்து அது துளிர்க்கும். ஆனால் முதல் ஓராண்டுக்குப் பொன்சாய் என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். அந்த ஓராண்டும் வேருக்கு உரியது. அழகிய தட்டையான சாடியை இப்போதே வாங்கி, அதற்குள் அடங்கும்படி வேரைக் குறைக்கப் போய்த்தான் பலர் மரத்தை இழக்கிறார்கள்.

பொன்சாய் நூல்களிற் பல ஜப்பானையும் ஐரோப்பாவையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. குளிர்காலம் முடிந்து மொட்டு விரியுமுன் தோண்டச் சொல்வன. கொழும்பில் மரம் ஆண்டு முழுவதும் வளர்வதால், இங்கே கவனிக்க வேண்டியவை வெயிலும் மழையுமே. ஜனவரி, பெப்ரவரி வெயில் வேரிழந்த மரத்தை உலர்த்திவிடும். ஒக்டோபர், நவம்பர் அடைமழை வெட்டுண்ட வேரை அழுகவைக்கும். மாதம் பார்த்துத் தோண்ட உங்களுக்கு அவகாசம் இல்லை. ஆகவே, மழை நேரே விழாத, வெளிச்சமுள்ள தாழ்வாரம் ஒன்றை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கையில் இருப்பது நல்லதாயிற்று. இந்த வாரமே அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்கு அரைவட்டமாகக் கிடங்கு வெட்டி, எதிர்ப்படும் வேர்களைக் கைவாளால் நறுக்கி, பருமணலும் கழுவிய தும்புத்தூளும் கலந்து நிரப்பிவிடுங்கள். ஐந்தாறு வாரங்கள் கழித்து மற்ற அரைவட்டத்தையும் அவ்வாறே செய்யுங்கள். வெட்டுவாயைச் சுற்றி நூல் போன்ற வெண்வேர்கள் விடத் தொடங்கும். தோண்டிய பின் மரத்தைக் காப்பவை அவைதாம். வேலையாள் அலவாங்கை வேருக்கடியிற் கொடுத்து நெம்ப விடாதீர்கள். காகிதப்பூவின் வேர் எளிதில் முறியக்கூடியது. ஒருமுறை நெம்பினாலே அடிப்பட்டை கிழிந்துவிடும்.

தோண்டும் நாளில் மேற்பகுதியை முதலில் வெட்டுங்கள். ஒன்றரை அடி உயரம் போதும். அடியிலிருந்து மேல்நோக்கிச் சிறுத்துச் செல்லும் பகுதி எங்கே என்று மரத்தைச் சுற்றி வந்து பார்த்து, தண்ணீர் தங்காதபடி சாய்வாக வெட்டி, வெட்டுவாயை மெழுகால் மூடுங்கள். இதன் மரம் மென்மையானது. மூடாவிட்டால் நடுவிலிருந்து உக்கிக்கொண்டே இறங்கும். கடற்கரையை அண்டிய வெள்ளவத்தை மண்ணில் மணல் அதிகம் என்பதால், தூக்கும்போது வேரைச் சுற்றிய மண் உதிர்ந்துவிடும். எனவே தண்டைப் பிடித்துத் தூக்காமல், அடியிற் சாக்கை நுழைத்து, நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கி, அந்தச் சாக்கையே நனைத்துச் சுற்றிக் கட்டுங்கள்.

மரக்கறி ஏற்றும் பிளாஸ்திக் கூடை ஒன்றுக்குள் வலை விரித்து, உடைத்துச் சலித்த கூரை ஓட்டுத் துண்டும் பருமணலும் சிறிதளவு தும்புத்தூளும் கலந்து அதில் நடுங்கள். பிறகு தண்டைக் கூடையுடன் சேர்த்து அசையாமற் கட்டுங்கள். இதைச் சிறு விடயமாக நினைக்க வேண்டாம். ஐந்தாம் மாடிக் கடற்காற்றில் தண்டு விரலளவு ஆடினாலும், புதிதாக விட்ட வேர் அறுந்துவிடும். உப்புக் காற்றைக் காகிதப்பூ ஓரளவு தாங்கும். உங்கள் மேற்கு வெயிலும் பின்னாளில் பூப்பதற்கு உதவும். ஆனால் வேர் பிடிக்கும்வரை இரண்டிலிருந்தும் விலக்கி வையுங்கள். கூடைக்கடியில் தண்ணீர் தேங்கும் தட்டு வைத்தால் வேரும் அழுகும், டெங்கு நுளம்பும் பெருகும்.

வெட்டிய கிளைகளை எறிந்துவிடாதீர்கள். பெருவிரல் தடிப்புள்ள பத்துத் துண்டுகளையாவது மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். தாய்மரம் தவறினாலும் அவற்றுள் சில பிழைக்கும். அவையும் உங்கள் அம்மா நட்ட அதே மரந்தான்.

கேள்வி: ஓர் எக்ஸோரா (வெட்சி) அடிமரத்தைத் தோண்டிச் சாடியில் வைத்தேன். மூன்று வாரத்தில் நிறையத் துளிர்த்தது. மகிழ்ந்து வெயிலில் வைத்து உரமும் போட்டேன். இரண்டு மாதத்தில் எல்லாம் வாடிவிட்டன. தவறு எங்கே? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: அந்த முதல் துளிர், வேர் பிடித்ததற்குச் சான்று ஆகாது. தண்டு தனக்குள் சேமித்து வைத்திருந்த மாச்சத்தையும் நீரையும் கொண்டே மரம் முதலில் துளிர்க்கிறது. அந்தச் சேமிப்புத் தீருமுன் வேர் விட்டால் பிழைக்கும். நீங்கள் வெயிலில் வைத்தபோது, நீரை உறிஞ்ச வேர் இல்லாமலேயே இலைகள் நீரை இழக்கத் தொடங்கின. உரமோ வெட்டுண்ட வேரைச் சுட்டிருக்கும். நானும் ஓர் எக்ஸோராவை இப்படி இழந்திருக்கிறேன். ஆறாவது வாரத்தில், வேர் வந்ததா என்று பார்க்கும் ஆவலில் மெல்லத் தூக்கினேன். அரிசி நீளத்துக்கு விட்டிருந்த வேர்கள் அத்தனையும் ஓட்டுத் துண்டுகளோடு ஒட்டிக்கொண்டு அறுந்துபோயின. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

முதல் தளிர் முற்றிக் கரும்பச்சையாகி, இரண்டாவது தளிரும் வந்து, சாடியின் துளையில் வெண்வேர் எட்டிப் பார்க்கும்வரை மரத்தைத் தொடாமல் இருங்கள். ஐயமாக இருந்தால் பட்டையை நகத்தால் சற்றே சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. வாடிய உங்கள் மரத்தையும் எறியுமுன் ஒருமுறை இப்படிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மதில் வெடிப்பில் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பொன்சாய்க்கு எடுக்கலாமா? வேலைக்கு வந்தவர் அதில் கைவைக்க மறுத்துவிட்டார். (வாசகர், தெஹிவளை)

பதில்: அவர் மறுத்ததில் வியப்பில்லை. பௌத்தர்கள் வழிபடும் அநுராதபுரத்து ஸ்ரீ மகாபோதி மரமும் இதே இனந்தான். சைவர்களாகிய நமக்கும் அரசமரம் வழிபாட்டுக்குரியது. அழிப்பதற்காக அன்றி வளர்ப்பதற்காகவே எடுக்கிறீர்கள் என்பதை அவருக்கும் அயலவர்க்கும் சொல்லிவிட்டு, நீங்களே எடுங்கள். பிடுங்க வேண்டாம், உளியால் வெடிப்பின் சாந்தைத் தட்டி, கல்லோடு ஒட்டிய வேரை அந்தத் துண்டுக் கல்லுடனேயே எடுத்துச் சாடியில் வைத்தால், சில ஆண்டுகளில் கல்லைக் கவ்விய வேரே அதன் அழகாகிவிடும். ஆலினத்து மரங்களுள் இது எளிதிற் பிழைப்பது. ஆனால் அரசமரத்தின் இலை அகன்றது, காம்பும் நீண்டது. சிறிய சாடிக்கு அது பொருந்தாது; இரண்டடி உயர மரமாகவே அதை நினைத்துக்கொள்ளுங்கள்.