கீசருக்கு டைமர் போடுவதால் என்ன லாபம்?

டைமர் என்பது நாம் வைத்த நேரத்தில் மின்சாரத்தைத் திறந்து மூடும் கடிகாரம், அவ்வளவுதான். புதுச்சேரியில் பலர் மார்கழிக் காலையில்தான் கீசரையே தொடுவார்கள். குளித்துவிட்டு அணைக்க மறந்துவிடுவார்கள். உள்ளே வெந்நீர் மெல்ல ஆறும், கீசர் மறுபடி சுட வைக்கும், மறுபடி ஆறும். டீக்கடை பாய்லர் நாள் முழுக்கக் கொதிக்கலாம், அங்கே ஆள் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் பகல் பதினோரு மணிக்கு யாருக்கு வெந்நீர்? 15 லிட்டர், 2000 வாட் கீசருக்குச் சுமார் 20 நிமிடம் போதும். ஆறு மணிக்குக் குளியல் என்றால் 5.40-க்கு வையுங்கள். டைமர் 16 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும்; சீரியல் பல்புக்கு மாட்டும் சின்ன டைமர் சூடேறி உருகக்கூடும். அப்புறம், டைமர் வைத்தால் தண்ணீர் அதிகம் கொதிக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். சூட்டின் அளவைப் பார்ப்பது கீசருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்.