கட்டி எடுத்து உலோக மூட்டு வைத்த கால்: தம்பி எப்படி நடப்பார்?

கேள்வி: என் தம்பிக்கு வயது 19. இடது தொடை எலும்பில், முட்டுக்குச் சற்று மேலே ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய்க் கட்டி. திருவனந்தபுரத்தில் கீமோ கொடுத்து, எலும்பை வெட்டியெடுத்து உலோக மூட்டு வைத்தார்கள். இரண்டு மாதம் ஆகிறது. கீமோ இன்னும் முடியவில்லை. வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறான். பழையபடி நடப்பானா? அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போக முடியுமா? வர்ம வைத்தியம் செய்யும் ஆசானிடம் தடவினால் முட்டு சீக்கிரம் மடங்கும் என்கிறார்களே?
- வாசகி, குலசேகரம்

பதில்: நடப்பார். கட்டி வந்த இடத்தை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். முட்டை நீட்டுவது தொடையின் முன்தசை. அது முட்டுச்சில்லு வழியாக இறங்கி, கீழ்க்கால் எலும்பில் பிடித்திருக்கிறது. தம்பிக்கு வெட்டியது தொடை எலும்பு என்பதால் அந்தப் பிடிப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். கட்டி கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில் வந்திருந்தால் பிடிப்பை அறுத்துத் திரும்பத் தைக்க வேண்டும். காலை வாரக்கணக்கில் நீட்டியே கட்டிப்போட வேண்டும். அதன்பிறகும் முட்டு முழுதாக நீளாமல் போகலாம். இடுப்பருகே வந்தவர்களுக்கு இடுப்புத் தசை தளர்ந்து, நடையில் ஒரு சாய்வு நின்றுவிடுவதுண்டு.

இரண்டு மாதத்தில் வாக்கர் பிடிப்பதற்காகக் கலங்காதீர்கள். கீமோ ஓடும்போது சாப்பாடு இறங்காது, தசை ஏறாது. கீமோ முடிந்த பிறகுதான் நடை வேகமாகத் தேறும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். உள்ளே இருப்பது கதவுக் கீல் மாதிரி மடங்கி நீளும் உலோகம். அதைத் தாங்கி நடத்துவது மீந்திருக்கும் தசை. ஆகவே பயிற்சியை ஒருநாளும் விட வேண்டாம். படுத்துக்கொண்டு, முட்டுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தியபடி ஐந்து எண்ணும்வரை தொடையை இறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் முட்டு வளையாமல் முழுக்காலையும் படுக்கையிலிருந்து ஒரு சாண் தூக்கட்டும். அது தடுமாறாமல் வந்துவிட்டால், வாக்கரை விட்டுக் கம்புக்கு மாறலாமா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.

கம்பை வலது கையில் பிடிக்க வேண்டும். வலிக்கிற பக்கமே பிடிக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும், அது தவறு. படியிலும் பஸ்ஸிலும் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். மழைக்காலத்தில் பாசி பிடித்த முற்றத்தில் தனியாக விட வேண்டாம். உலோகத்தைச் சுற்றி எலும்பு முறிந்தால் திரும்பச் சரிசெய்வது கஷ்டம்.

சம்மணமிடுதல், குத்துக்காலிடுதல், கோயிலில் முழங்கால் போடுதல், ஓட்டம், பந்து விளையாட்டு இவற்றை விட்டுவிட வேண்டும். ஜெபத்துக்கு நாற்காலி போதும், யாரும் குறை சொல்லப் போவதில்லை. வீட்டில் உயரமான கழிப்பறை கட்டாயம்.

பால் வெட்டு வேண்டாம். இருட்டில், ஈரச் சரிவில், மரத்துக்கு மரம் குனிந்து நடக்கிற வேலை அது. அந்த மூட்டு நிறைய வருடம் உழைக்க வேண்டியது, தம்பிக்கு வயதோ 19. தேய்ந்தாலோ தளர்ந்தாலோ இன்னொரு ஆபரேஷன். உட்கார்ந்து செய்யும் படிப்பு அல்லது தொழிலை இப்போதே யோசியுங்கள். அப்பாவுக்கு வருத்தமாக இருக்கும்; ஆனாலும் இதை அவரிடம் நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

ஆசானிடம் தடவவே கூடாது. நம் மாவட்டத்து வர்ம வைத்தியத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தக் காலில் பலமாகத் தடவி மடக்கினால் தசை கிழியலாம், எலும்பு முறியலாம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: இளவயதில் முட்டருகே இரவிலும் விடாத வலியோடு வீக்கம் வந்தால், எக்ஸ்ரே எடுக்காமல் யாருக்கும் தடவ விடாதீர்கள்.

கீமோ காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள வேறு பெரிய மருத்துவமனைக்கோ உடனே போங்கள். தழும்பு சிவந்து சூடேறினாலும் நீர் கசிந்தாலும் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் காட்ட வேண்டும். சொத்தைப் பல், கால்விரலில் சீழ் எதையும் வளர விடாதீர்கள். அந்தக் கிருமி ரத்தம் வழியாக உலோகத்தில் போய்த் தங்கலாம். நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு, எழுந்து முதல் சில அடி வைக்கும்போது தொடையில் புதிதாக வலி வந்தால், எலும்புக்குள் செருகியிருக்கும் உலோகத் தண்டு தளர்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்க வேண்டும்.

அடுத்த முறை திருவனந்தபுரம் போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: தண்டுக்கு சிமென்ட் வைத்தார்களா, முழு எடையும் எப்போது ஊன்றலாம், தொடைத் தசையில் எவ்வளவு எடுத்தார்கள். பதிலை உள்ளூர் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டினால் பயிற்சியை அதற்கேற்ப அமைத்துத் தருவார்.