அது டேப்பின் வயது அல்ல

அண்ணே, அப்பா 1994-ல் எடுத்த வி.எச்.எஸ் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். கேப்சர் ஆன ஃபைலை 1080 வரிக்குப் பெரிதாக்கி, எச்.265 என்ற சுருக்கும் முறைக்கு மாற்றி, மூலத்தை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட். கையால் ஓட்டினால் ஓடுகிறது, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் ஓடவில்லை. மூன்று கேசட் முடிந்தது. தல்லாகுளம் எதிர்சேவையில் அப்பத்தா கையசைக்கும்போது கை கோடு கோடாகக் கிழிகிறது. டேப் பழசு, போகட்டும். மீதியும் முடிந்தால் கேசட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம். கிரானுக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், மதுரை

தம்பி,

கிரானுக்கு ரெண்டு வரி போதும். தேதிக்காகச் சதவீதக் குறி போட்டிருந்தால் கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேப் அதைப் புது வரியாக எடுத்துக்கொள்ளும். முன்னால் பேக்ஸ்லாஷ் வையுங்கள். வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் புரோகிராமுக்கு முழு பாத் (அது இருக்கும் இடம்) கொடுங்கள், உங்கள் டெர்மினலின் பாத் கிரானுக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கு அதைச் சரிசெய்யாதீர்கள். அந்த ஸ்கிரிப்ட் ஓடாமல் கிடப்பதே நல்லது.

அப்பத்தா கை கிழிவது டேப்பின் வயதால் அல்ல. நம் ஊர் டிவி முறையான பி.ஏ.எல் வீடியோவில் நொடிக்கு 25 படம் என்பது பேச்சுக்குத்தான். உள்ளே இருப்பவை 50 அரைப் படங்கள். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள், தலைக்கு 288. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதற்குள் கை நகர்ந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே படமாகக் கோத்தால் சீப்புப் பல் தெரியும். நிறுத்திப் பாருங்கள்: பந்தல் கால் சுத்தமாக இருக்கும், கை மட்டும் கிழிந்திருக்கும்.

576 வரியை 1080-ஆக இழுத்தபோது ஒற்றையும் இரட்டையும் கலந்துவிட்டன. இனி எந்த ஃபில்டரும் பிரிக்காது. அரைத்த மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் பிரிக்க முடியுமா? பிரித்திருக்கக்கூடிய மூலத்தையும் ஸ்கிரிப்டே அழித்துவிட்டது. புரோகிராமர்தானே நீங்கள்? பேக்கப் இல்லாமல் புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் டெலீட் அடிப்பீர்களா?

அழிக்கும் வரியை முதலில் எடுங்கள். கேப்சரைத் தரம் குறையாமல் சுருக்கும் எஃப்எஃப்வி1-ல், எம்கேவி ஃபைலாக, 720-க்கு 576 அளவிலேயே, இன்டர்லேஸை, அதாவது அந்த ஒற்றை இரட்டை வரி அமைப்பை, கலைக்காமல் வையுங்கள். ஒரு மணி நேர வீடியோவுக்கு 30 ஜிபி அளவுக்கு வரும், வரட்டும். பார்க்கிற பிரதிக்கு முதலில் அரைப் படங்களைப் பிரித்து முழுப் படமாக்கும் பிடபிள்யூடிஃப் ஃபில்டர், பிறகுதான் அளவு மாற்றம். அது தானாகவே நொடிக்கு 50 படம் தரும். அதே வேலை செய்யும் யாடிஃப் ஃபில்டரை அமைப்பு எதுவும் மாற்றாமல் விட்டால் 25 தான், பாதி அசைவு போய்விடும். கை முன்னும் பின்னும் துள்ளினால் ஃபீல்டு (அரைப் படம்) வரிசை தலைகீழ் என்று அர்த்தம், மாற்றிக்கொடுங்கள்.

கேசட்டைக் கடையில் போடுவதாவது! அந்த மூன்றையும் மறுபடி ஓட்டியாக வேண்டும். ஓட்டுமுன் கேசட்டின் ஜன்னலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. சுத்தம் செய்யாமல் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். புது வி.சி.ஆர் தயாரிப்பு 2016-ஓடு நின்றுவிட்டது, இருப்பதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பத்தா வருகிற ஒரு நிமிடத்தை மட்டும் முதலில் பிடித்து, ஃபில்டர் போட்டு, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். கை முழுசாகத் தெரிந்த பிறகு கிரானுக்கு வாருங்கள்.